உச்சிவேளையில் ஏறும் முள்

பழனிமலை வரலாறு – 14

சென்ற அத்தியாயத்தில் வானியலாளர் எவர்ஷெட்டைச் சூரியப் புள்ளியின் விளிம்பில் விட்டுவிட்டு வந்தோம். 1909 ஜனவரியில் கொடைக்கானல் வானாய்வகத்தில் அவர் கண்டது பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. அவர் பெயராலேயே வழங்குகிறது. அதே வளாகத்தில், அதே ஆண்டுகளில், யாருடைய பெயரும் ஒட்டாமல் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. இருட்டறைக்குள் மெல்லிய இழையில் தொங்கிய ஒரு சிறு காந்தம் செய்த வேலை அது. சூரியனைப் பார்க்க மலையேறியவர்கள், தங்கள் தலைக்கு நேர்மேலே ஓடிய பெரும் மின்னோட்டம் ஒன்றை, அப்படி ஒன்று ஓடுகிறது என்று தெரியாமலே நாள்தோறும் அளந்து எழுதிவைத்தார்கள். அதன் வோல்ட் என்ன, ஓம் என்ன, வாட் என்ன என்று கணக்குப் போட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

மதராஸ் நுங்கம்பாக்கத்து வானாய்வகம் 1899-இல் மலையேறியதையும், கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநர் ஆனதையும் முன்பே பார்த்தோம். அது நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நிலஅளவைத் துறை நாடு முழுவதும் காந்த அளவீட்டைத் தொடங்கியது. வரைபடக்காரர்களுக்கும் கப்பல்காரர்களுக்கும் காம்பஸ் முள் உண்மையான வடக்கிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பது தெரிந்தாக வேண்டும். அந்த விலகலோ இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஊர் ஊராகப் போய் அளப்பவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க நிலையான சில இடங்கள் தேவைப்பட்டன. டேராடூன், கல்கத்தாவை அடுத்த பாரக்பூர், பர்மாவில் டவுங்கூ, தெற்கே கொடைக்கானல் என்று முடிவாயிற்று. கொடைக்கானலில் 1902 முதல் காந்தப் பதிவு தொடங்கியது.

காந்த நிலையம் வைக்க மலை நல்ல இடம் என்பதற்கு அந்தக் காலத்தில் புதிதாக ஒரு காரணமும் முளைத்திருந்தது. பம்பாய் கொலாபாவில் 1840-களிலிருந்து காந்தப் பதிவு நடந்துவந்தது. நகரத்தில் மின்சார டிராம் வரப்போகிறது என்ற செய்தி வந்ததும் அங்கிருந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. டிராமுக்கு மின்சாரம் மேலே உள்ள கம்பி வழியாக வந்து, தண்டவாளம் வழியாகத் திரும்பிப் போக வேண்டும். தண்டவாளத்துக்கும் ஓரளவு மின்தடை உண்டு. அடியில் உள்ள ஈரமண்ணும் ஒரு பாதைதான். இரண்டு பாதை திறந்திருந்தால் மின்னோட்டம் இரண்டிலும் பிரிந்தே போகும். எதில் தடை குறைவோ அதில் அதிகம். மண்ணுக்குள் கசிந்து அலையும் அந்த மின்னோட்டம் ஒவ்வொன்றும் தன் காந்தப் புலத்தைச் சுமந்துகொண்டு போகும். நுண்ணிய காந்தமானியின் முள் டிராம் வண்டி போகும்போதெல்லாம் நடுங்கும். கொலாபா ஆய்வகத்தின் இயக்குநர் மூஸ், கடலுக்கு அக்கரையில் அலிபாக்கில் இரும்பு கலக்காத கட்டடம் ஒன்றை எழுப்பி, 1904 முதல் இரண்டு ஆண்டுகள் இரண்டு இடத்திலும் சேர்த்துப் பதிவெடுத்து, பழைய தொடர் அறுந்துபோகாமல் புதிய இடத்துக்கு மாற்றினார். 1907-இல் பம்பாயில் டிராம் ஓடத் தொடங்கியபோது காந்தங்கள் பத்திரமாக அலிபாக்கில் இருந்தன. இப்படி முன்யோசனையோடு ஓர் அரசு அலுவலகம் இடம் மாறியது அபூர்வம், அதனாலேயே சொல்கிறேன். மதராஸில் 1895-லேயே மின்சார டிராம் வந்துவிட்டது. கொடைக்கானலில் டிராமும் இல்லை, தண்டவாளமும் இல்லை.

இனி அந்த இருட்டறைக்குள் போகலாம். காந்தப் பதிவறைக்குள் ஆணிகூடச் செம்பாகவோ பித்தளையாகவோதான் இருக்க வேண்டும். உள்ளே போகிறவர் சாவிக்கொத்து, பேனாக்கத்தி, கைக்கடியாரம் எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுப் போவார். குவார்ட்ஸை உருக்கி இழுத்த, கண்ணுக்கே சரியாகத் தெரியாத இழை ஒன்றில் விரலளவுகூட இல்லாத காந்தம் தொங்கும். இழையை முறுக்கி, காந்தத்தைக் கிழக்கு மேற்காகத் திருப்பி நிறுத்தியிருப்பார்கள். அதை வடக்கே இழுப்பது பூமியின் காந்தப் புலம். திரும்பவிடாமல் பிடித்திருப்பது இழையின் முறுக்கு. பூமியின் இழுப்பு இம்மியளவு கூடினாலும் காந்தம் இம்மியளவு திரும்பும். காந்தத்தோடு ஒட்டிய கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி, கடிகாரத்தால் சுழலும் உருளையில் சுற்றிய போட்டோத்தாளில் கோடு போட்டுக்கொண்டே போகும். நாளுக்கு ஒரு தாள். சிவப்பு விளக்கில் கழுவி, உலர்த்தி, கண்ணாடி அளவுகோலை வைத்து மணிக்கு மணி உயரத்தை அளந்து பேரேட்டில் ஏற்றுவார்கள்.

கொடைக்கானலில் பூமியின் கிடைமட்டக் காந்தப் புலம் ஏறக்குறைய 38,000 காமா. இப்போது அதே அளவை நானோடெஸ்லா என்கிறார்கள். அமைதியான ஒரு நாளின் தாளை எடுத்துப் பார்த்தால் இரவு முழுவதும் கோடு கிட்டத்தட்ட நேராகப் போகும். சூரியன் உதித்ததும் ஏற ஆரம்பிக்கும். பதினொரு மணி வாக்கில் உச்சியைத் தொடும். பிறகு சரிந்து, பொழுது சாயும்போது பழைய மட்டத்துக்கு வந்துவிடும். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். 1722-லேயே லண்டன் கடிகாரக்காரர் ஜார்ஜ் கிரகாம், முள் தினசரி அசைவதைக் கவனித்துவிட்டார். கொடைக்கானலில் வேறுபாடு உயரத்தில்தான் இருந்தது. சூரியன் சுறுசுறுப்பாக உள்ள ஆண்டுகளில் இங்கே உச்சிவேளை ஏற்றம் 100 காமாவை ஒட்டி வரும். அலிபாக்கில் அதில் ஏறக்குறையப் பாதிதான்.

ஏன் இரண்டு மடங்கு? ஆண்டறிக்கைகளில் எண்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன, கேள்வி எழவில்லை. 1923-இல் கொடைக்கானலின் காந்தப் பதிவையே நிறுத்திவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவின் கார்னகி நிறுவனம், பூமிப்பந்தின் மறுபக்கத்தில் பெரு நாட்டு ஆண்டீஸ் மலைமேல் ஹுவாங்காயோ என்ற ஊரில் காந்த நிலையம் திறந்திருந்தது. அங்கும் உச்சிவேளை ஏற்றம் தாளை விட்டு வெளியே போகும் அளவுக்கு இருந்தது. இருபது ஆண்டுப் பதிவைக் கையில் வைத்திருந்தவர்கள் கடையைக் கட்டிய நேரத்தில், அதே சரக்கைப் புதிதாக விற்க ஆரம்பித்தவர்களுக்குப் பெயர் கிடைத்தது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

முள்ளை அசைப்பது எது என்பதற்கு ஓரளவு பதில் அதற்கு முன்பே இருந்தது. 1882-இல் பால்ஃபோர் ஸ்டூவர்ட், காற்றுமண்டலத்தின் மேலடுக்கில் மின்னோட்டம் ஓடுகிறது, அதுதான் முள்ளை அசைக்கிறது என்று எழுதினார். அப்போது யாரும் அந்த உயரத்துக்குப் பலூனில்கூடப் போனதில்லை. (வில்லியம் சீமன்ஸ் திறனின் அலகுக்கு வாட் என்று பெயர் வைக்கலாம் என்று சொன்னதும் அதே 1882-இல்தான்.) 1889-இல் ஆர்தர் ஷூஸ்டர், கிரீனிச், லிஸ்பன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பம்பாய் ஆகிய நான்கு ஊர்ப் பதிவுகளைக் கொண்டு கணக்கிட்டு, காரணத்தின் பெரும்பகுதி பூமிக்கு வெளியேதான் இருக்கிறது என்று நிறுவினார். கொடைக்கானலில் பதிவு தொடங்கிய அதே 1902-இல் கென்னலியும் ஹெவிசைடும் மேலே மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும் என்றார்கள். மார்க்கோனியின் அலை அட்லாண்டிக்கைத் தாண்டியதற்கு வேறு விளக்கம் கிடைக்கவில்லை.

கம்பியைத் தொடாமல், வெட்டாமல், பக்கத்தில் தொங்கும் முள்ளை மட்டும் பார்த்து மின்னோட்டத்தைச் சொல்வது புதுமை அல்ல. ஓம் தன் விதியைக் கண்டதே இப்படித்தான். அவர் கொலோன் நகரில் பள்ளிக்கூட வாத்தியார். அம்மீட்டர், வோல்ட்மீட்டர் எதுவும் கடையில் கிடைக்காத காலம். பேட்டரியின் அழுத்தம் வேலை நடக்கும்போதே இறங்கிப் போய்ச் சோதனையைக் கெடுத்தது. ஆகவே பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த வெப்ப இணையை எடுத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்தார்; அழுத்தம் ஆடாமல் நின்றது. ஒரே தடிமனுள்ள எட்டுச் செப்புக் கம்பிகள்: மிகச் சிறியது 2 அங்குலம், மிக நீளமானது 130 அங்குலம். ஒவ்வொன்றாக இணைத்து, மேலே முறுக்கு இழையில் தொங்கிய காந்த முள்ளைப் பார்த்தார். முள் விலகியதும் இழையை எதிர்த்திசையில் முறுக்கி அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர எவ்வளவு கோணம் தேவைப்பட்டதோ, அதுவே மின்னோட்டத்தின் அளவு. கம்பி நீளக் கோணம் குறைந்தது. 1827-இல் நூலாக வந்த அந்த விதியைப் பள்ளிப் பிள்ளைகள் இன்று ஒரு மூச்சில் சொல்வார்கள்: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. 1841-இல் ஜூல் அடுத்ததைச் சேர்த்தார்: மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கினால், கம்பியில் விநாடிக்கு உண்டாகும் வெப்பம். இதையே மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம் என்றும் எழுதலாம், இரண்டும் ஒன்றே.

சீசன் நேரத்தில் கொடைக்கானல் விடுதி அறையில் கெய்சரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு தோலில் உறைத்திருக்கும். 2,000 வாட் கெய்சர் 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் எடுக்கும். அப்படியானால் அதன் சுருளின் மின்தடை 26.4 ஓம். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் வெந்நீர் போட, வோல்டேஜ் 180-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். சுருள் அதே சுருள்தான், ஓம் மாறவில்லை. மின்னோட்டம் 6.8 ஆம்பியராகக் குறையும். 180-ஐ 6.8-ஆல் பெருக்கினால் 1,225 வாட் வரும். அழுத்தம் கால்பங்கு கூடக் குறையவில்லை. வெப்பத்தில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு போய்விட்டது. அழுத்தம் குறையும்போது மின்னோட்டமும் சேர்ந்தே குறைவதால் வரும் இரட்டை அடி இது.

வானத்துக்குத் திரும்புவோம். 1947-இல் டென்மார்க்கைச் சேர்ந்த எகெடல் ஒரு வரைபடம் போட்டார். காந்த முள்ளை மேலும் கீழும் அசையும்படி தொங்கவிட்டால், அது எங்கே சரியாமல் கிடையாக நிற்குமோ அதுதான் காந்த நடுக்கோடு. அந்தக் கோட்டிலிருந்து ஒவ்வொரு நிலையமும் எவ்வளவு தூரம் என்று குறித்து, அங்கங்கே உச்சிவேளை ஏற்றம் எவ்வளவு என்று புள்ளி வைத்தால், கோட்டின் இருபுறமும் சில நூறு கிலோமீட்டருக்குள் மட்டும் புள்ளிகள் கூம்பாக எழுந்தன. 1951-இல் சிட்னி சாப்மன் இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் நடுக்கோட்டு மின்தாரை எனலாம். அதற்கிடையே, 1949 மார்ச்சில் பெருவுக்கு அப்பால் கடலில் ஒரு கப்பலிலிருந்து ஏவிய ராக்கெட்டில் வைத்த காந்தமானி, நூறு கிலோமீட்டரை ஒட்டிய உயரத்தில் மின்னோட்டம் இருப்பதைக் காட்டியிருந்தது.

பழனிமலை இந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வடக்கே நிற்கிறது. 1950-களில் இங்கே முள் மூன்றரை பாகை அளவே சரிந்தது. இயக்குநர் ஏ. கே. தாஸ் 1946-இல் பொறுப்பேற்றதும் வானாய்வகத்தை எல்லாத் திசையிலும் விரித்தார். நின்றுபோயிருந்த காந்தப் பதிவும் 1940-கள் முடிவதற்குள் உயிர்பெற்றது. பிறகு ரேடியோத் துடிப்பை மேலே அனுப்பி எதிரொலியைக் கேட்கும் அயனிமண்டலக் கருவியும் வந்தது. 1957-இல் உலகப் புவியியற்பியல் ஆண்டுக்காகத் திருவனந்தபுரத்திலும் அண்ணாமலை நகரிலும் காந்த நிலையங்கள் திறந்தார்கள். திருவனந்தபுரத்துக்கு இது புதிதன்று. சுவாதித் திருநாள் காலத்து ஆய்வகத்துக்கு 1850-களில் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் பிரவுன், பொதிகையில் அகத்தியமலை உச்சிக்கே காந்தமானியைச் சுமந்துகொண்டு போய்ப் பதிவு எடுத்தவர். அது தனியாக ஓர் அத்தியாயம் கேட்கும் கதை. ஆக, கோட்டுக்கு மிக அருகே திருவனந்தபுரம், சற்றுத் தள்ளிக் கொடைக்கானல், விளிம்பில் அண்ணாமலை நகர், முற்றிலும் வெளியே அலிபாக். தாரையின் குறுக்கே நான்கு முள்கள் கிடைத்துவிட்டன.

இனிக் கணக்கு. முதலில் மின்னோட்டம். கொடைக்கானலின் ஏற்றத்திலிருந்து அலிபாக்கின் ஏற்றத்தைக் கழித்தால் உலகப் பொதுவான பங்கு போய், தாரையின் பங்கு மட்டும் நிற்கும். 50 காமா என்று வைப்போம். அதில் கால்பங்கு, பூமிக்குள் தூண்டப்படும் எதிரொலி மின்னோட்டத்தின் வேலை; அதையும் தள்ளிவிட வேண்டும். மீதியை உண்டாக்க, 107 கிலோமீட்டர் உயரத்தில் 600 கிலோமீட்டர் அகலமுள்ள பட்டை ஒன்றில், ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு எண்பது சொச்சம் ஆம்பியர் ஓட வேண்டும். மொத்தம் ஐம்பதாயிரம் ஆம்பியரை ஒட்டி வருகிறது. திசை கிழக்கு. அப்படி ஓடினால்தான் கீழே உள்ள முள்ளில் வடக்கு நோக்கிய இழுப்பு கூடும். பட்டையின் வடக்கு விளிம்பு ஈரோடு, சேலம் பக்கம் வந்து முடியும். தெற்கு விளிம்பு இலங்கையையும் தாண்டிப் போகும்.

அடுத்தது மின்னழுத்தம். இதை முள் சொல்லாது. இன்னும் உயரத்தில் உள்ள அயனிகள் பகலில் விநாடிக்குப் பத்து இருபது மீட்டர் வேகத்தில் மேலே எழுவதை ரேடியோ முறைகள் காட்டின. 1960-களின் தொடக்கத்தில் பெருவின் ஹிகமார்க்காவில் கட்டிய மாபெரும் ராடார் இதில் தலையானது. அந்த வேகத்தைப் பூமியின் காந்தப் புலத்தால் பெருக்கினால் கிழக்கு நோக்கிய மின்புலம் கிடைக்கும்: மீட்டருக்கு அரை மில்லிவோல்ட்டை ஒட்டி. கிலோமீட்டருக்கு அரை வோல்ட். டார்ச்சுக்குப் போடும் ஒற்றை செல்லின் அழுத்தத்தை எட்ட மூன்று கிலோமீட்டர் போக வேண்டும்.

மினிக்காய் தீவின் நேர்மேலிருந்து இலங்கையின் கிழக்குக் கரை வரை ஆயிரம் கிலோமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். 500 வோல்ட். ஐம்பதாயிரம் ஆம்பியர். வகுத்தால் மின்தடை 0.01 ஓம்! கெய்சர் சுருளில் இரண்டாயிரத்து அறுநூறில் ஒரு பங்கு. காற்று என்றே சொல்ல முடியாத அளவுக்கு மெலிந்த வெளியில், ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு, நூறில் ஒரு ஓம். இதே மின்தடையுள்ள செப்புத் தண்டை அதே நீளத்துக்கு வார்த்தால் அதன் விட்டம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் இருக்க வேண்டும். செம்பைவிடக் காற்று நன்றாகக் கடத்துகிறது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலே பாதை 600 கிலோமீட்டர் அகலம், பதினைந்து கிலோமீட்டர் போலக் கனம். ஒவ்வொரு சதுர மீட்டரும் மிக மோசமான கடத்திதான், அகலம் ஈடுசெய்துவிடுகிறது. மின்தடை என்பது பொருளின் குணம் பாதி, வடிவம் பாதி.

திறன்: 500 வோல்ட்டை ஐம்பதாயிரம் ஆம்பியரால் பெருக்கினால் இரண்டரைக் கோடி வாட், அதாவது 25 மெகாவாட். மின்னோட்டத்தின் இருமடியை 0.01 ஓமால் பெருக்கிச் சரிபார்த்தாலும் அதுவே. கேட்கப் பெரிதாக இருக்கும். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையத்தின் 59.2 மெகாவாட்டோடு வைத்துப் பார்த்தால் பாதிக்கும் குறைவு. அதுவும் ஆறு லட்சம் சதுர கிலோமீட்டரில் பரவிக் கிடக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு வாட்டில் லட்சத்தில் நான்கு பங்கு. அதே சதுர மீட்டரில் உச்சி வெயில் ஆயிரம் வாட்டைக் கொட்டுகிறது. வானத்து மின்சாரத்தை இறக்கி ஊருக்கு விளக்கெரிக்கலாம் என்று அவ்வப்போது கிளம்பும் பேச்சுக்கு இந்த வகுத்தல் ஒன்றே போதும். அந்த 25 மெகாவாட்டும் மேலேயே, மெலிந்த காற்றைச் சூடாக்குவதில் தீர்ந்துவிடுகிறது. வானமே மின்னாக்கி, வானமே கெய்சர். மின்னாக்கியை ஓட்டுவதும் சூரியன்தான். பகல் வெப்பத்தால் மேல்காற்று வீங்கி, காற்றோட்டமாக நகர்ந்து, பூமியின் காந்தப் புலத்தைக் குறுக்கே வெட்டுகிறது. காலைப் பக்கம் நேர் மின்னூட்டமும் மாலைப் பக்கம் எதிர் மின்னூட்டமும் சேர்கின்றன. அந்த இரண்டுக்கும் இடையே உள்ளதுதான் நாம் அளந்த மின்னழுத்தம்.

ஆனால் இந்த மின்னழுத்தம் சென்னைக்கு மேலேயும் இருக்கிறது, ஐதராபாத்துக்கு மேலேயும் இருக்கிறது. அங்கே ஏன் தாரை இல்லை? தடை இங்கே மட்டும் ஏன் இவ்வளவு குறைவு? ஓமின் விதியைக் கம்பிக்குச் சொன்னபடி அப்படியே வைத்துக்கொண்டால் இதற்குப் பதில் வராது. கம்பிக்குள் மின்புலம் எந்தத் திசையோ மின்னோட்டமும் அந்தத் திசை. காந்தப் புலத்துக்குள் அப்படியல்ல. 1879-இல் எட்வின் ஹால் தங்க ரேக்கில் காட்டியதுபோல், ஓடும் மின்னூட்டம் பக்கவாட்டிலும் தள்ளப்படும். நூறு கிலோமீட்டருக்கு மேலே அயனிகள் காற்று மூலக்கூறுகளில் மோதி மோதி நின்றுவிடுகின்றன. எலக்ட்ரான்கள் மட்டும் காந்தப் புலத்தின் சொல்கேட்டு நகர்கின்றன. கிழக்கு நோக்கிய மின்புலம் அவற்றைக் கிழக்கிலோ மேற்கிலோ கொண்டுபோகாமல் செங்குத்தாக மேலே தள்ளுகிறது. அடுக்கின் மேலேயும் கீழேயும் மின்சாரம் செல்ல வழியில்லை. ஆகவே எலக்ட்ரான்கள் மேல் விளிம்பில் குவிகின்றன; கீழே நேர் மின்னூட்டம் எஞ்சுகிறது. இடையே மேல்நோக்கி ஒரு புதிய மின்புலம் பிறக்கிறது. அது முதல் புலத்தைவிடப் பதினைந்து இருபது மடங்கு பெரிது. இந்தப் பெரிய புலம் எலக்ட்ரான்களைப் பக்கவாட்டில் மேற்கே விரட்டுகிறது. எலக்ட்ரான் மேற்கே போனால் மின்னோட்டம் கிழக்கே. தாரை பிறந்துவிட்டது. இந்தத் தந்திரத்தின் கணக்கைப் போட்டவர் தாமஸ் கௌலிங். அயனிமண்டலத்துக்கு அதைப் பொருத்தி 1950-களின் தொடக்கத்தில் விளக்கியவர்களில் ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் முக்கியமானவர்.

காந்தக் கோடுகள் ஏறக்குறையக் கிடைமட்டமாக இருக்கும் இடத்தில்தான் இது நடக்கும். சற்று வடக்கே தள்ளினால் கோடுகள் சாய்ந்துவிடும். மேலும் கீழும் குவியும் மின்னூட்டம் அந்தச் சாய்வு வழியாக வழிந்து சமனாகிவிடும். பெரிய புலம் உருவாகாது. அலிபாக்குக்கும் கொடைக்கானலுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்தச் சாய்வில் அடங்குகிறது.

ஒரே வளாகத்தில் சூரியத் தொலைநோக்கியும் காந்தமானியும் இருந்ததன் பலன் இங்கேதான் தெரிகிறது. சூரியனில் திடீரென்று ஒரு பெரும் சுடர் வெடித்தால் எட்டு நிமிடத்தில் அதன் எக்ஸ் கதிர் இங்கே வந்துவிடும். மேலே புதிய எலக்ட்ரான்கள் குபீரென்று பெருகும். காற்று திடீரென்று வேகம் கூட்டாது. ஆகவே மின்னழுத்தம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். தடை விழும், மின்னோட்டம் எழும். தாளில் உச்சிவேளை மேட்டின்மேல் ஒரு சிறு கொக்கி விழும். தொலைநோக்கிக்காரர் சுடரின் நேரத்தைக் குறித்துவைத்திருப்பார். பக்கத்துக் கட்டடத்துத் தாளில் அதே நேரத்தில் கொக்கி இருக்கும். இரவில் எதிர்ப்பக்கம்: கதிர் நின்றதும் எலக்ட்ரான்கள் அயனிகளோடு சேர்ந்து மறைகின்றன, தடை வெகுவாக ஏறிவிடுகிறது, முள் ஓய்கிறது. நள்ளிரவு மட்டத்தை ஆய்வாளர்கள் மீட்டரின் பூஜ்யமாக வைத்துக்கொள்வது இதனால்தான்.

1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. மீனவர் ஊரான தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு முதன்மைக் காரணம் அது காந்த நடுக்கோட்டை ஒட்டி இருந்ததுதான். 1964-இல் அங்கிருந்து காந்தமானியோடு போன ராக்கெட்டுகள் தாரைக்குள்ளேயே நுழைந்து வந்தன. கொடைக்கானல் தாள்களிலிருந்து ஊகித்ததை உள்ளே போய்ப் பார்த்தாயிற்று. இன்று தாரையின் தினசரிக் கணக்குக்கு அதிகம் புரட்டப்படுவது பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில், சிற்பங்களுக்குப் பேர்போன கோயிலுள்ள அதே ஊரில், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் நடத்தும் நிலையத்தின் பதிவு. அதிலிருந்து அலிபாக்கைக் கழிக்கும் பழைய கழித்தல் மட்டும் மாறவில்லை.

தாரை சில நாள்களில் தலைகீழாகவும் ஓடும். பிற்பகலில், சில சமயம் முற்பகலில், முள் இரவு மட்டத்துக்கும் கீழே போய்விடும். தடை எவ்வளவு ஏறினாலும் மின்னோட்டம் பூஜ்யத்தை நெருங்குமே தவிர அதைத் தாண்டாது. தாண்டினால் மின்னழுத்தமே திசை மாறிவிட்டது என்று பொருள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இது அடிக்கடி நேர்வதால், மேல்காற்றில் நிலவு எழுப்பும் ஓதத்துக்கு இதில் பங்கு உண்டு என்று கருதுகிறார்கள். 2010 ஜனவரி 15 அன்று தனுஷ்கோடியிலும் கன்னியாகுமரியிலும் நண்பகலைத் தாண்டிக் கங்கண கிரகணம் தெரிந்தது. அன்று தென்முனை நிலையங்களில் தாரை மிக வலுவாகத் திசை திரும்பியது. நிழல் விழுந்து எலக்ட்ரான்கள் குறைந்தால் தடை கூடும். அது மின்னோட்டத்தைக் குறைக்கும், திருப்பாது. திருப்பியது எது என்பதற்கு, நிழல் குளிர்வித்த காற்றின் ஓட்டம் என்று சிலரும், நிலவின் ஓதம் என்று சிலரும் எழுதியிருக்கிறார்கள். கிரகணம் எப்போதும் அமாவாசையில்தான் வரும் என்பதால் இரண்டையும் பிரித்தெடுப்பது லேசான வேலையாக இல்லை.